மாமா கொண்டு வந்த ரேடியோவும் அத்தை போட்ட முடிச்சும்

சனிக்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து வந்ததும் ஆணியில் மாட்டிய கார் சாவியை, ஞாயிறு சாயங்காலம் மாமாவையும் அத்தையையும் திரும்ப ரயில் ஏற்றிவிடப் போகும்போதுதான் எடுத்தேன். நடுவில் வாசல் கேட்டைத் தாண்டியது பால் வாங்க ஒரு தடவை, தேங்காய் வாங்க ஒரு தடவை, அவ்வளவுதான். இதை ஒரு பெரிய விஷயமாக எழுத வேண்டுமா என்று நாலு நாளாக யோசித்தேன். எனக்குப் பெரிய விஷயம்தான், அதனால் எழுதுகிறேன்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நான் கோயம்புத்தூர்க்காரன், வடவள்ளியில் வீடு. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமாவும் அத்தையும், அதாவது அவளுடைய அப்பா அம்மா, இங்கே வந்தது ஏழெட்டு தடவை இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொள்வேன். மருதமலை, பேரூர், ஒரு நாள் ஊட்டி, ஒரு நாள் துணிக்கடை. மாமனார் மாமியாரை நன்றாகப் பார்த்துக்கொள்வது என்றால் நாலு இடம் சுற்றிக் காட்டுவது என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தடவை மாமாவுக்கு முழங்கால் வலி. மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள், "எங்கேயும் கூட்டிட்டுப் போக வேண்டாம். அவங்க நம்மளைப் பார்க்க வர்றாங்க, ஊரைப் பார்க்க இல்ல." வந்து இறங்கியதும் மாமாவும் அதையேதான் சொன்னார். "எங்கயும் போவாண்டாம் மாப்ள. இங்ஙனயே இருப்பம்."

சரி, இருப்போம். ஆனால் இருந்து என்ன செய்வது?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை என்கிற சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிற எடை கொஞ்ச நஞ்சமில்லை. நான் ஹாலுக்குள் வந்தால் அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். உட்காருங்க அத்தை என்றால் "இருக்கட்டும் மாப்ள" என்று சொல்லிக்கொண்டே சமையலறை நிலைப்படிக்குப் போய் நின்றுகொள்வார். பேச வேண்டியதை எல்லாம் மகள் வழியாகத்தான் பேசுவார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளுட்டி" என்று அவளிடம் சொல்வார். பெண் கொடுத்த வீட்டில் நாலு நாளைக்கு மேல் தங்குவது அவருக்குச் சங்கடம். அவருடைய அம்மா காலத்தில் மகளுக்குப் பிள்ளை பிறக்கும் வரைக்கும் மருமகன் வீட்டில் கை நனைக்கவே மாட்டார்களாம். இதெல்லாம் அன்பில்லாமல் இல்லை, அன்பைக் காட்ட அவருக்குக் கற்றுக்கொடுத்த வழி அது. ஆனாலும் ஒன்பது வருடம் ஒரு மனுஷியை நிலைப்படியில் நிற்க வைத்தே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கொண்டு வந்த சாமான்களைப் பிரித்தபோது வழக்கமானது எல்லாம் இருந்தது. கல்லிடைக்குறிச்சி அப்பளம், கருப்பட்டி, ஒரு கட்டு வாழையிலை, இரண்டு லிட்டர் பாட்டிலில் தாமிரபரணித் தண்ணீர். (சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற ஊருக்குத் தண்ணீர் கொண்டு வருகிற ஒரே ஆள் எங்கள் அத்தைதான், அது ருசியில் அவருக்கு இருக்கிற நம்பிக்கை.) அதோடு இந்தத் தடவை இரண்டு புதுச் சாமான். என் மகளுக்குக் கூடை பின்னிக் கொடுக்க என்று ஒயர் ரோல், பச்சையும் மஞ்சளுமாக. அப்புறம் மாமாவின் மஞ்சள் பையில், பழைய வேட்டியில் சுற்றி, ஒரு ரேடியோ.

ரேடியோ எனக்காக வந்தது. பழைய டிரான்சிஸ்டர்களை வாங்கிப் பிரித்து ஓட வைப்பது என்னுடைய பொழுதுபோக்கு என்று மாமாவுக்குத் தெரியும். ஏழு வருடமாகச் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உக்கடம் பக்கம் போனால் பழைய சாமான்களுக்கு நடுவில் எப்படியும் ஒன்று கண்ணில் படும். பின்பக்க அறையில் ஒரு மேஜை, சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், டப்பா டப்பாவாகக் கண்டன்சர்கள். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாததையே செய்துகொண்டிருக்கிற எனக்கு, கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று சரியாவதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

"இது பாடி பத்து வருசமாச்சு மாப்ள. பாக்கியளா?"

பிலிப்ஸ், இரண்டு பேண்ட், தோல் உறையோடு. உறையின் பொத்தான் ஒன்று போய், அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் தைத்திருந்தது. 1976-ல் மில் போனஸில் வாங்கியதாம். உறைக்குள் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது, ரேடியோ லைசென்ஸ். என் வயதுக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. 1980-களின் நடுப்பகுதி வரைக்கும் வீட்டில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டினால் அந்தப் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி முத்திரை குத்திக் கொடுப்பார்கள். வருடத்துக்கு 15 ரூபாய். மாமா ஒரு வருடம்கூட விட்டதில்லை. முத்திரைகளின் மை நீலம் மங்கி ஊதாவாகியிருந்தது, ஆனால் ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாமா விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் தாமிரபரணி விழுகிற வேகத்தை வைத்து ஓட்ட ஆரம்பித்த மில் அது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம் வராது, இலங்கை வானொலியை மெதுவாக வைத்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வாராம். என் அப்பாவும் மில் தொழிலாளிதான், கோவையில். இங்கே 1888-லேயே மில் வந்துவிட்டது, 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு தெருவுக்குத் தெரு மில் சங்கு கேட்கிற ஊராயிற்று. நான் சின்ன வயதில் மணி பார்த்தது அந்தச் சங்கை வைத்துத்தான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு சங்குச் சத்தம் இருந்திருக்கிறது என்பதை மேஜை முன்னால் உட்கார்ந்துதான் முதன்முதலாகப் பேசினோம். மருதமலையில் படி ஏறும்போது இதைப் பேசத் தோன்றவில்லை, பார்க்கிங் பற்றித்தான் பேசியிருக்கிறோம்.

பின் மூடியைக் கழற்றினால் பேட்டரி வைக்கிற இடம் முழுக்கப் பூத்திருந்தது. பெரிய கட்டை நாலு போடுகிற செட், எப்போதோ போட்ட செல்கள் கசிந்து, தகடுகளில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு. பழைய கார்பன் செல்லிலிருந்து கசிவது அமிலத் தன்மை உள்ளது, அதனால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். இந்த வேலையை மாமா எடுத்துக்கொண்டார். அரை மணி நேரம், வேறு எதையும் பார்க்காமல், ஒவ்வொரு ஸ்பிரிங்காக. முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன், "அது கெடக்கு" என்றார். நான் வால்யூம் கண்ட்ரோலில் கிளீனர் அடித்து முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் திருகினேன், கரகரப்பு போக அது ஒன்றுதான் வழி. காய்ந்து போன இரண்டு கண்டன்சரை மாற்றினேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஸ்பீக்கரில் இரைச்சல் வந்துவிட்டது. இரைச்சல் என்றால் செட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆனால் முள் நகரவில்லை. டயல் நூல் அறுந்திருந்தது.

பழைய ரேடியோவில் நாம் குமிழைத் திருகும்போது முள் நகர்வது ஒரு நூலால். குமிழின் தண்டில் இரண்டு மூன்று சுற்று, அங்கிருந்து ஓரத்து உருளைகள் வழியாக, பெரிய சக்கரத்தைச் சுற்றி, உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங்கில் போய் முடியும். ஸ்பிரிங்தான் நூலை விறைப்பாகப் பிடித்துக்கொள்கிறது. நூல் தொய்ந்தால் குமிழ் சுற்றும், ஆனால் நிலையம் மாறாது. என்னிடம் இருந்த டயல் நூல் இந்த செட்டுக்கு ஒரு சாண் குறைச்சல். கடைக்குப் போகலாம், ஆனால் எங்கேயும் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தோம், பழைய நூலில் நல்லதாக இருந்த துண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். முள் டயலில் 10-க்குப் பக்கம் வந்ததும் நின்றது. பிரித்தேன், திரும்பப் போட்டேன், இப்போது 8-ல் நின்றது. மூன்றாவது தடவை முடிச்சே நழுவிவிட்டது.

அத்தை அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கையில் கூடைக்கு அடி போட்ட ஒயர். எப்போதிருந்து நின்றார் என்று தெரியாது.

"தப்பா நெனச்சுக்கிடாதிய மாப்ள. முடிச்சு பெருசா இருக்குல்லா, அதான் உருளையில தட்டுது. அந்த நூல இங்ஙன கொடுங்க."

என்னிடம் நேராகச் சொன்னார். நான் எழுந்து இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார்.

அவர் செய்ததை நான் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டு நுனியையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்து, அந்தக் குறுக்கை இடது பெருவிரலால் அமுக்கிக்கொண்டார். வலது கை ஒரு நூலைப் பெருவிரலைச் சுற்றிக் கொண்டு வந்து இரண்டு நுனிக்கும் நடுவில் விட்டது. ஒரு நுனியை வளையத்துக்குள் அழுத்தி, பெருவிரலை எடுக்காமலேயே இழுத்தார். முழுசாக நாலு விநாடி இருக்காது. முடிச்சு இருக்கிற இடம் தெரியவில்லை, தடவிப் பார்த்தால் ஒரு மணல் அளவுக்கு விரலில் பட்டது, அவ்வளவுதான். மிச்ச நுனிகளைப் பல்லால் கடிக்கப் போனவர் என்னைப் பார்த்துவிட்டுக் கத்தரி கேட்டார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள், அங்கேதான் நான் அசந்து போனேன். "இந்த முடிச்சு எந்த எடத்துல வந்து நிக்கும்? குமிழ்த் தண்டுல சுத்துத எடத்துக்கு வரக்கூடாதுல்லா?" ஏழு வருடமாகச் செய்கிற நான் அதை யோசிக்கவில்லை. இரண்டு பேருமாக அளந்து, முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனாலும் முடிச்சு தண்டுக்கு வராத மாதிரி நூலைத் தள்ளிப் போட்டோம்.

"அத்தை, இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"மில்லுலதான். கல்யாணத்துக்கு முன்ன நாலு வருசம் நூல் சுத்துத வைண்டிங்ல இருந்தேன்லா. நூலு அத்துப்போச்சுன்னா அடுத்த கதிரு அறுகதுக்குள்ள போட்டாவணும். பெரிய முடிச்சு போட்டா தறியில போய் மாட்டும், அங்க உள்ளவங்க ஏசுவாங்க."

ஒன்பது வருடத்தில் எனக்கு இது தெரியாது. மாமா மில்லில் இருந்தார் என்பது தெரியும், கல்யாணப் பேச்சிலேயே சொன்னார்கள். அத்தையும் வேலை பார்த்தவர், சம்பளம் வாங்கியவர், தங்கச்சி கல்யாணத்துக்கு இரண்டு பவுன் அந்தச் சம்பளத்தில் எடுத்தவர் என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலை ஷிப்டுக்கு இருட்டில் நாலு பெண்களாகச் சேர்ந்து ஆற்றங்கரை வழியாக நடந்து போனது, பஞ்சு பறந்து புருவமெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வந்தது, ஒரு நாள் சங்கு ஊதிய பிறகு போய் வாசலில் அழுதுகொண்டு நின்றது, எல்லாம் கையில் ஒயரைப் பின்னிக்கொண்டே சொன்னார். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, கூடையைப் பார்த்துப் பேசினார். நானும் நூலைப் பார்த்துக் கேட்டேன். எங்கள் இரண்டு பேருக்குமே அது வசதியாக இருந்தது. மனைவி டீ கொண்டு வந்தாள். நான் எழுந்து போய் வாங்கி வந்து அத்தைக்குக் கொடுத்தேன், அவர் எழுந்திருக்கவில்லை.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் செட்டை ஹாலில் வைத்துப் போட்டால் ஒரே இரைச்சல். கோயம்புத்தூர் நிலையம் 999 கிலோஹெர்ட்ஸில் நன்றாக வந்தது, மற்றதெல்லாம் கடல் மாதிரி ஓசை. எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர், எல்லாமே இந்த நிலையங்கள் வருகிற மீடியம் வேவ் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம், அப்புறம் மெயினையே அணைத்துவிட்டு எல்லோருமாக மொட்டை மாடிக்குப் போனோம். பாய் விரித்து, நடுவில் ரேடியோ. தூரத்தில் மருதமலை விளக்குகள். பகலில் மீடியம் வேவ் தரையோடு போய்க் கொஞ்ச தூரத்தில் தேய்ந்துவிடும், பொழுது சாய்ந்ததும் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தாண்டி இறங்கும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா அதையெல்லாம் கேட்கவில்லை. செட்டைக் கையில் எடுத்து, மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டிருந்தார். உள்ளே ஆன்டெனாவாக இருக்கிற ஃபெரைட் கம்பி நிலையத்துக்குக் குறுக்கே நின்றால்தான் சத்தம் நன்றாக விழும், அது அவருக்குப் பெயர் தெரியாமலேயே தெரியும். முள்ளை 12-ல், அதாவது 1200-ல் வைத்து ஒரு மயிரிழை இந்தப் பக்கம் தள்ளினார். 1197.

முதலில் ஒரு குரல், போய்ப் போய் வந்தது. அப்புறம் பாட்டு, அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. பாட்டு முடிந்து அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொன்னார். திருநெல்வேலி. மாமா ஒன்றும் பேசவில்லை. செட்டைக் காதோடு வைத்துக்கொண்டார். அது 1963-லிருந்து ஒலிக்கிற நிலையம், சின்னப் பையனாகப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாராம். இங்கே என் போனில் அதே நிலையத்தை ஒரு நொடியில் தெளிவாகக் கேட்கலாம், அதை நானும் சொல்லவில்லை, மனைவியும் சொல்லவில்லை. அந்த ஏற்ற இறக்கத்தோடு, இவ்வளவு தூரம் காற்றில் வந்ததைக் கேட்பது வேறு. மகள் ஆச்சி மடியில் தூங்கிவிட்டாள். பத்து மணி தாண்டித்தான் கீழே இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல நாள். மாமா மாடித் தோட்டத்தில் அவரைப் பந்தலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார், நான் கட்டியது காற்றுக்கு நிற்காது என்றார், சரியாகத்தான் சொன்னார். அத்தை சொதி வைத்தார். அந்தப் பக்கம் கல்யாணமான மறுவீட்டுக்கு மாப்பிள்ளைக்கு வைக்கிற குழம்பு அது. தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காயை வேக வைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றிக் கொதி வரும் முன் இறக்கி, ஆறின பிறகு எலுமிச்சை. கூடவே இஞ்சித் துவையல் கட்டாயம், தேங்காய்ப் பால் செரிக்க வேண்டுமே. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மறுவீட்டில் சாப்பிட்டதைவிட இது நன்றாக இருந்தது. அன்றைக்கு நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிட்டேன், இப்போது தேங்காய்ப் பால் பிழிந்தது நான்.

மதியத்துக்கு மேல் கூடை. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண் என்று வகை வகையாக இருக்கிறது. மகளுக்கு ஏழு வயது, அதனால் சாதா முடிச்சு. ஒயரை முழத்தால் அளந்து வெட்டி, பாதியாக மடித்து, ஓடுகிற ஒயரில் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். அவள் ஒரு வரி போட்டாள், நான் ஒரு வரி போட்டேன். என் வரி இறுக்கமாக இருந்தது, அத்தை அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னார். "இம்புட்டு இறுக்குனா கூடை ஒரு பக்கமா சாஞ்சிரும் மாப்ள. எல்லா முடிச்சும் ஒண்ணுபோல இருக்கணும்." மனைவி சோபாவில் படுத்து இரண்டு மணி நேரம் தூங்கினாள். அம்மா வீட்டில் தூங்குகிற தூக்கம் அது, இந்த வீட்டில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

கிளம்பும்போது கூடை முக்கால்வாசிதான் முடிந்திருந்தது. அத்தை அதை எடுத்துக்கொண்டு போய் முடித்து அனுப்புகிறேன் என்றார், மகள் விடவில்லை. கைப்பிடி எப்படிப் போடுவது என்று ஸ்டேஷனுக்குப் போகிற வழியெல்லாம் காரில் காற்றிலேயே விரலால் பின்னிக் காட்டிக்கொண்டு வந்தார். ரேடியோ மாமா மடியில், அதே வேட்டியில் சுற்றி.

நேற்று ராத்திரி மேல் விளிம்பை மடக்குகிற இடத்தில் மாட்டிக்கொண்டோம். மனைவி குளிக்கப் போயிருந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நானே அத்தையின் நம்பருக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எங்கே சிக்கல் என்று சொன்னேன்.

"இடது பெருவிரல அமுக்கிப் பிடிச்சிருக்கியளா மாப்ள?"

"பிடிச்சிருக்கேன் அத்தை."

"அத எடுக்காதிய. இப்பம் ஒயர அந்தப் பக்கத்துலேருந்து கொண்டாங்க."

அவருக்குப் பின்னால் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, இரைச்சலே இல்லாமல்.